இறம்பொடையிலிருந்து புதுக்கடை வரை: நம் பிள்ளைகளும் சட்டக் கல்வியும்

நம் சங்கம் நூறாண்டு காணும் இவ்வேளையில், இன்று சட்டம் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்காக அந்த நூறாண்டை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயன் தரும். கொழும்பு புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரியின் வரலாறு 1874இல் தொடங்குகிறது. நம் சங்கத்தை ஆரம்பித்த மூத்த சகோதரிகளின் காலத்தில் அதற்கு வயது ஐம்பது. ஆனால் அன்று இலங்கையில் எந்தப் பெண்ணும், எவ்வளவு படித்திருந்தாலும், நீதிமன்றத்தில் வழக்குரைக்க முடியாது.

இங்கிலாந்தில் 1919ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தத் தடையை நீக்கின. இலங்கையில் அது 1933 வரை நீடித்தது. கொழும்பில் பிறந்த பார்சி இனப் பெண் அவாபாய் மேத்தா 1934இல் லண்டனில் பாரிஸ்டர் பரீட்சையில் சித்தியடைந்தார். இலங்கைப் பெண்களில் அவரே முதல்வர். திருமணத்தின் பின் அவாபாய் வாடியா என்ற பெயரில், இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவராக உலகம் அவரை அறிந்தது.

பெண் என்ற தடை இவ்வாறு நீங்கியது. மலையகத்துப் பெண்ணுக்கோ அதன் பின்னும் வேறு தடைகள் காத்திருந்தன.

தோட்டத்துக்கு வந்த சட்டம்

நம் பாட்டிமாருக்குச் சட்டம் என்றால் அது மேலிருந்து வருவது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவது வெறும் ஒப்பந்த மீறல் அன்று. சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகத் துண்டு வேண்டும். பட்ட கடனைத் தீர்த்தால்தான் துண்டு கிடைக்கும். 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது.

பிறகு 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏறக்குறைய ஏழு இலட்சம் மலையக மக்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கேட்ட கோடாக்கன் பிள்ளையின் வழக்கு இலங்கை உயர் நீதிமன்றத்தைக் கடந்து லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1953இல் அங்கும் அவர் தோற்றார். சட்டம் படிக்க விரும்பும் ஒவ்வொரு மலையகப் பிள்ளையும் அந்தத் தீர்ப்பை ஒருமுறை வாசிக்க வேண்டும். நம் மக்களின் தலைவிதியைப் பற்றி அறிவார்ந்த பலர் வாதாடியிருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து அங்கே வாதாட ஒருவர் உருவாகும் நிலை அன்று இல்லை.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று பிரித்தார்கள். ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்த தோழிகள் பிரிந்தது அந்தக் கணக்கில்தான். இந்த மலரை நீலகிரியிலிருந்து வாசிக்கும் சகோதரிகளுக்கு அதை நாம் விளக்க வேண்டியதில்லை. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களின் பின்னரே நாடற்றவர் என்ற சொல் நம்மை விட்டு அகன்றது.

பள்ளிக்கூடம் வந்த வழி

1907ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தரும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. பத்து வயதுக்கு மேல் கொழுந்துக் கூடை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேதான் நின்றன. 1977 முதல் படிப்படியாக அரசு அவற்றைப் பொறுப்பேற்ற பின்னரே, லயத்திலிருந்து புறப்படும் பிள்ளை உயர்தரம் வரை போகும் பாதை உருவானது.

அதே காலத்தில் சட்டத் தொழிலும் மாறிக்கொண்டிருந்தது. அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரு படியாக இருந்த தொழில் 1974 முதல் சட்டத்தரணி என்ற ஒரே பெயரின் கீழ் வந்தது. 1996இல் ஷிராணி பண்டாரநாயக்க உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதியரசரானார். 2011இல் பிரதம நீதியரசருமானார். ஆக, பெரிய கதவுகள் எல்லாம் இன்று சட்டப்படி திறந்திருக்கின்றன. இனிச் சொல்ல வேண்டியது, உள்ளே நுழைவது எப்படி என்பது.

இன்றுள்ள வழிகள்

முதலாவது, அரச பல்கலைக்கழகம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகியவற்றில் சட்டமாணிப் பட்டம் படிக்கலாம். உயர்தர இசட் புள்ளியைக் கொண்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தெரிவு செய்கிறது. அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்ட ஒதுக்கீட்டுக்கு 55 வீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்பது பொது விதி. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று. கண்டி அதில் இல்லை. இறம்பொடையிலிருந்து கம்பளைக்கோ கண்டிக்கோ பிள்ளையைப் பாடசாலை மாற்ற நினைக்கும் பெற்றோர், மாவட்டம் எப்படிக் கணிக்கப்படுகிறது என்பதை ஆணைக்குழுவின் கைநூலில் வாசித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது, சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை. மொழித்தேர்ச்சி ஒரு வினாத்தாள். பொது அறிவும் நுண்ணறிவும் மற்றொன்று. சட்ட அறிவை அங்கே கேட்பதில்லை. உயர்தரத்தில் கலைப்பிரிவுதான் படித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பிள்ளை நாள்தோறும் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தை வாசித்து, அதைப் பத்து வரியில் சுருக்கி எழுதிப் பழகினால் அதுவே நல்ல பயிற்சி. சாதாரண தரத்தில் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் திறமைச் சித்தி இருப்பது முக்கியம். நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் இடம் இந்த ஆங்கிலச் சித்திதான். அதை உயர்தரம் முடிந்த பிறகு நினைத்துப் பயனில்லை. ஒன்பதாம் வகுப்பில் நினைக்க வேண்டும்.

மூன்றாவது, திறந்த பல்கலைக்கழகம். அதற்குத் தனியான தெரிவுப் பரீட்சை உண்டு. வேலை பார்த்துக்கொண்டும், பிள்ளை வளர்த்துக்கொண்டும் படிக்கலாம். திருமணத்தோடு படிப்பு நின்றுபோன சகோதரிகளுக்கு இவ்வழியை விசேடமாகச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றாலும், சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்யச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளையும் ஒரு சட்டத்தரணியின் கீழ்ப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். தகைமைகளும் திகதிகளும் மாறக்கூடியவை. ஆகவே அவ்வாண்டின் வர்த்தமானி அறிவித்தலையே நம்ப வேண்டும். அக்கம்பக்கத்துப் பேச்சை அல்ல.

சிறிய பூட்டுகள்

பெரிய கதவைத் தாண்டிய பிள்ளையைச் சிறிய பூட்டு நிறுத்திவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். தமிழ்ப் பெயர் சிங்களத்தில் எழுதப்பட்டு, பின் ஆங்கிலத்துக்குப் போகும்போது செல்லம்மா வேறொருத்தியாகிவிடுகிறாள். சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் முன்பே மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்து, பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது முகவரி. லயக் காம்பராவுக்குத் தனி இலக்கம் இல்லாத இடங்களில் கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போகிறது. அது கைக்கு வரும்போது நேர்முகப் பரீட்சை முடிந்திருக்கும். விண்ணப்பத்தில் கடிதம் நிச்சயம் வந்து சேரும் ஒரு முகவரியையும், பிள்ளை தானே பார்க்கும் மின்னஞ்சலையும் கொடுக்க வேண்டும். இது சின்ன விடயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கடிதம் பிந்தினால் ஓர் ஆண்டு போகும்.

பணத்துக்குப் பயந்து விண்ணப்பிக்காமல் இருப்பதும் உண்டு. பல்கலைக்கழக மாணவருக்கு மகாபொல இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென இந்திய உயர் ஸ்தானிகராலயத்தினூடாக வழங்கப்படும் புலமைப்பரிசிலும் இருக்கிறது. கேட்பவருக்கே அவை கிடைக்கும்.

மூன்று மொழி

2020 டிசம்பரில் சட்டக் கல்லூரியை ஆங்கில மொழிக்கு மட்டும் மாற்றும் விதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அவற்றை நிராகரித்தது. நமக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஆறுதலோடு நின்றுவிடக் கூடாது. அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கில் நீதிமன்றப் பதிவுகளின் மொழி தமிழ். ஏனைய மாகாணங்களில் சிங்களம். நுவரெலியா மாவட்டத்தில் மலையகத் தமிழர் பெருந்தொகையாக வாழ்ந்தாலும் நம் நீதிமன்றங்களின் பதிவு சிங்களத்திலேயே நடக்கிறது. தமிழில் பேசவும் மொழிபெயர்ப்புக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. எனினும் கூண்டில் நிற்கும் தாய் சொன்னது பதிவில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க, அவள் பேச்சும் தெரிந்த, பதிவின் மொழியும் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் நிற்க வேண்டும். மேன்முறையீட்டுக்கும் சட்ட நூல்களுக்கும் ஆங்கிலம். நம் பிள்ளைக்கு மூன்று மொழியும் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சங்கம் செய்யக்கூடியது

கடல் கடந்த சகோதரிகளின் பேரப்பிள்ளைகளும் இதே வாசலில் நிற்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் எல்சாட், பிரித்தானியாவில் சில பல்கலைக்கழகங்களுக்கு எல்நாட், இந்தியாவில் கிளாட் என்று பரீட்சையின் பெயர்தான் வேறு. கவனமாக வாசித்து, காரணம் ஆராய்ந்து சிந்திக்கும் பழக்கத்தையே எல்லாம் சோதிக்கின்றன. வெளிநாட்டுப் பட்டத்தோடு இங்கு வந்து தொழில் செய்ய விரும்புவோர், அந்தப் பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்பதைச் சேரும் முன்பே சட்டக் கல்லூரியில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்பலாம், அதுவும் வேண்டியதே. அதோடு ஒவ்வோர் ஆண்டும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைச் சரிபார்க்க ஒரு சனிக்கிழமை, ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் வாரம் இரண்டு மணி நேரம், சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு வழிகாட்ட ஒரு மூத்த மாணவி என்று ஏற்பாடு செய்தால், அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. லண்டனில் இருப்பவரும் தொலைபேசியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு நூற்றாண்டாக நம்மைப் பற்றிச் சட்டம் எழுதியவர்கள் வேறு எவரோ. அடுத்த நூற்றாண்டில் அதை வாசித்து, வாதாடி, தேவையானால் மாற்றி எழுதும் கைகளில் சில நம் பாடசாலையின் கைகளாக இருக்கட்டும்.