நாளந்தாவில் செய்தி அறிவிப்பும் பணியாளர் உறவும்

நாளந்தாவின் சிறப்பினைக் கூறப் புகுவோர், ஆங்குப் பயிலப்பெற்ற நூல்களையும் ஆசிரியர் பெருமக்களையும் பற்றியே பெரிதும் பேசுவர். காஞ்சியினின்று சென்று ஆங்குத் தலைமை பூண்ட தருமபாலரை எண்ணித் தமிழர் மகிழ்தலும் இயல்பே. ஆயின், 3,500 துறவியர் ஒருங்கு வாழ்ந்த அந்நிலையத்தில் ஒரு செய்தி எல்லோரையும் எவ்வாறு சென்றடைந்தது? முடிவு செய்தோர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காண உறுதுணையாவன, 671-ஆம் ஆண்டில் சீனத்தினின்று புறப்பட்டு, நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தங்கிய இத்சிங் எழுதிய இரு நூல்களாகும்.

முதற்கண் காலத்தை அறிவித்த முறையைக் காண்போம். நீர் நிறைந்த செப்புக் கலத்தில் சிறு துளையுடைய கிண்ணம் ஒன்று மிதக்கவிடப்படும். அது முதன்முறை மூழ்கியதும் முரசு ஒருமுறை அறையப்படும். இரண்டாம் முறை மூழ்கியதும் இருமுறை. நான்காம் முறைக்கு நான்கு அறைதலும், இருமுறை சங்கொலியும், மீண்டும் ஓர் அறைதலும் உண்டு. ஒரு யாமம் கழிந்தது என்பது அதன் பொருள். மகாபோதியிலும் குசிநகரத்திலும் கணக்கு வேறு. அங்குக் காலை முதல் நண்பகல் வரை கிண்ணம் பதினாறு முறை மூழ்கும்.

எட்டு மண்டபங்களும் முந்நூறு அறைகளும் கொண்ட நிலையத்தில் அனைவரும் ஓரிடத்துக் கூடி வழிபடுதல் அரிதாயிற்று. ஆதலின், நாள்தோறும் ஓதுவார் ஒருவர் மண்டபந்தோறும் சென்று, சில சுலோகங்களை உரத்த குரலில் ஓதி, அந்திப் பொழுதில் அப்பணியை முடிப்பார். நறும்புகையும் மலரும் ஏந்திய ஏவலரும் சிறுவரும் அவர்க்கு முன் செல்வர்.

இனி, நிருவாகத்திற்கு வருவோம். மூப்பில் முதல்வராயவரே, அவர்தம் தகுதி நோக்காது, தலைவராகக் கொள்ளப்பட்டார். இரவுதோறும் வாயிற் சாவிகள் முத்திரையிடப்பெற்று அவரிடம் சேர்ப்பிக்கப்படும். நிலையத்தை எடுப்பித்தவர்க்கு விகாரசுவாமி என்பது பெயர். முறைவைத்து வாயில் காத்துச் சங்கத்தார்க்குச் செய்தி அறிவிப்பவர் விகாரபாலர். மணியடித்து உணவு மேற்பார்ப்பவர் கருமதானர். யாதேனும் காரியம் நேரின் விகாரபாலர் ஒவ்வொருவர்பாலும் சென்று, கைகூப்பி அதனை எடுத்துரைத்தல் வேண்டும். ஒருவர் இசையாவிடினும் அக்காரியம் நடைபெறாது. இசையாதவரைக் காரணங்காட்டித் தெளிவிக்கலாமேயன்றி, வலிமையால் அடக்குதல் வழக்கன்று. அவைநடுவே கட்டையைத் தட்டி முடிவை அறிவிக்கும் முறையும் அங்கில்லை என்கிறார் இத்சிங்.

பண்டசாலை காப்போர் இருவர் மூவரேயாயினும், பிறர் இசைவு பெறாது எதனையும் செலவிடலாகாது. அரைப்படி அளவினதாகிய தானியத்தைத் தாமே எடுத்துச் செலவிட்டவரும் வெளியேற்றப்படுவர். சங்கத்தைக் கேளாது தன்விருப்பப்படி நடப்பவனைக் ‘குலபதி’, அஃதாவது வீட்டுத்தலைவன், என இகழ்ந்தனர். வடநாட்டில் இன்று துணைவேந்தரைக் குறிப்பது அச்சொல்லே என்பது நகைச்சுவைக்குரியது.

இவ்வருணனையை அவ்வாறே ஏற்கலாமா? இத்சிங் வெறும் பார்வையாளரல்லர். தம் நாட்டு விகாரங்களைத் திருத்த விழைந்தவர். கேட்போர் நாணுமாறு நாளந்தாவைச் சற்று உயர்த்திக் காட்டியிருத்தல் கூடும். 3,500 பேரையும் தனித்தனியே கேட்பது ஒவ்வொரு சிறு செயலுக்கும் இயலுவதன்று. பெருங்காரியங்களுக்கே முழுச் சங்கத்தின் இசைவு வேண்டப்பட்டது என்று கொள்வதே பொருந்தும். எனினும் அவர் கூற்றை முற்றும் தள்ளுதற்கில்லை. நாளந்தா அகழ்வில் கிடைத்த சுடுமண் முத்திரைகள் பலவற்றில், அறவாழியும் இருமருங்கும் மான்களும் அமைய, மகாவிகாரத்துப் பிக்கு சங்கத்தின் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. தலைவர் ஒருவரின் பெயரன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) கூறும் குடவோலை முறையை இதனோடு ஒப்பிடுவாருளர். அது வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறை. இதுவோ காரியந்தோறும் இசைவு பெறும் முறை. இரண்டும் ஒன்றல்ல.

இசைவு கேட்கப்பட்டோர் துறவியரே என்பதையும் மறத்தலாகாது. நீர்க்கடிகைகள் அரசர் பரம்பரையினர் அளித்த கொடை. அவற்றைக் காக்கும் சிறுவரும் அக்கொடையுடன் சேர்த்தே அளிக்கப்பட்டனர். நிலையத்திற்கு 201 ஊர்கள் உரியனவாயிருந்தன. தாமிரலிப்தி விகாரத்தில் குடியானவர் காய்கறியை மூன்று கூறாக்கி, ஒன்றைத் துறவியர்க்கு ஈந்து, ஏனையவற்றைத் தாம் கொண்டு சென்றதை இத்சிங் நேரிற் கண்டார். அப்பங்கு போதும் என்றோ போதாது என்றோ அவர்கள் கூறிய சொல் எதனையும் அவர் குறித்திலர்.