புத்தகத்தை மூடிவிட்டுப் படிக்கப் பழக்குவோம்

சில வருடங்களுக்கு முன்னர் எமது பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என் வீட்டுக்கு வந்தார். முற்றத்தையும் கூரைப் பீலியையும் பார்த்தவர், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் நீர் சேரும் தட்டை வெளியே இழுத்தார். அதில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. நான் ஒரு விஞ்ஞான ஆசிரியர். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறையுடலி என்று எத்தனையோ தடவை கரும்பலகையில் வரைந்தவன். அந்தத் தட்டை நான் ஒருநாளும் இழுத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் தரம் 10 வகுப்பில், "டெங்கு நுளம்பின் வாழ்க்கை வட்டம் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். எல்லோரும் கையை உயர்த்தினார்கள். "பாத்திரத்திலுள்ள நீரைக் கொட்டினால் மட்டும் ஏன் போதாது?" என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. பிழை பிள்ளைகளுடையது அல்ல. நான் அப்படித்தான் கற்பித்திருந்தேன்.

2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். 400 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இப்படியொரு நாட்டில் இந்தப் பாடம் தவணைப் பரீட்சையோடு முடிந்துவிடலாகாது.

வாசிப்பது மட்டும் போதுமா?

எமது மாணவர்களில் பலர் படிப்பது என்றால் குறிப்புக் கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, நிறப் பேனையால் கோடிடுவது என்றே நினைக்கிறார்கள். வாசிக்க வாசிக்க வசனங்கள் பழகிவிடுகின்றன. பழகியதை விளங்கியதாக நினைத்துக்கொள்கிறோம்.

அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகர், கார்பிக்கி ஆகியோர் 2006 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தார்கள். இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது வாசித்த குழுவே முன்னணியில் நின்றது. ஒரு வாரத்தின் பின்னரோ வாசித்தவர்கள் நினைவில் வைத்திருந்தது சுமார் 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 61 சதவீதம். பரீட்சைக்கு முதல்நாள் இரவு படித்தது அடுத்த தவணையில் மறந்துபோவதன் காரணம் இங்கே தெரிகிறது.

எனவே நான் இப்போது மாணவர்களுக்குச் சொல்வது இவைதான். ஒரு பக்கத்தை வாசித்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் நினைவிலுள்ளதை எழுதுங்கள். பிறகு திறந்து, விடுபட்டதை வேறு நிறத்தில் சேருங்கள். அதையே மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் செய்யுங்கள். ஒரே இரவில் மூன்று மணித்தியாலம் இருப்பதைவிட மூன்று நாட்களில் ஒவ்வொரு மணித்தியாலம் இருப்பது பயன் தரும்.

"ஏன்" என்ற கேள்வி

மனனம் செய்ததற்கு உயிர் கொடுப்பது "ஏன்" என்ற கேள்வி. நீரைக் கொட்டினால் ஏன் போதாது? டெங்கு நுளம்பு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டுகிறது. அவை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்தப்பும். மீண்டும் மழைநீர் சேர்ந்ததும் பொரிக்கும். அதனால்தான் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். வாரம் ஒருமுறை துப்புரவு ஏன்? முட்டை பொரித்துப் பறக்கும் நுளம்பாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் செல்லும். அதற்குள் சங்கிலியை அறுக்க வேண்டும். பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை ஏன்? இந்த நுளம்பு பகலில்தான் கடிக்கிறது.

இவ்வாறு காரணத்தோடு படித்த பிள்ளை பரீட்சையிலும் எழுதும், வீட்டிலும் யோகட் கோப்பையைத் தேடிப் பொறுக்கும்.

வட்ஸ்அப் வைத்தியம்

எம் வீடுகளுக்குச் சுகாதாரத் தகவல்கள் இன்று தொலைபேசி வழியே வந்து குவிகின்றன. டெங்குக்குப் பப்பாசி இலைச்சாறு என்ற செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் வரும். அதைக் கேலி செய்யவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். மாணவர்கள் கேட்கட்டும்: எத்தனை பேரிடம் பரிசோதித்தார்கள்? எதை அளந்தார்கள்? சில சிறிய ஆய்வுகளில் குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை கூடியது உண்மை. ஆனால் டெங்கில் உயிராபத்து பெரும்பாலும் வருவது குருதிக் கலன்களிலிருந்து திரவவிழையம் கசிவதால். எண்ணிக்கை கூடியதை வைத்து உயிர் காக்கப்படும் என்று சொல்லிவிட முடியாது.

ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று உண்டு. டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரமாக இருக்கலாம். "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று ஆறுதலடைந்து வீட்டில் இருந்துவிடுகிறோம். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், சோர்ந்து மயங்குதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்போது அஸ்பிரின், இபுபுரோபன் கொடுக்கக் கூடாது; அவை இரத்தக் கசிவைக் கூட்டும். இதைத் தரம் 10 பிள்ளை ஒன்று உம்மா, வாப்பாவுக்குச் சொன்னால், அந்தப் பாடம் ஓர் உயிரையும் காக்கக்கூடும்.

பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "படிச்சி முடிச்சிட்டீங்களா மகன்?" என்று கேட்டால் "ஓம்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, "கொப்பிய மூடிட்டு எனக்குச் சொல்லித் தாங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். உங்களுக்கு விஞ்ஞானம் தெரிந்திருக்கத் தேவையில்லை. கேட்க பத்து நிமிடம் இருந்தால் போதும். பிள்ளை தடுமாறும் இடம்தான் நாளை மீண்டும் படிக்க வேண்டிய இடம்.

நானும் என் பாடத்தைத் திரும்பப் படிக்கிறேன். வெள்ளிக்கிழமை காலைகளில் அந்தத் தட்டை இழுத்துத் தேய்த்துக் கழுவுகிறேன். ஏன் தேய்க்க வேண்டும் என்று இப்போது என் பேத்தி எனக்குச் சொல்லித் தருகிறாள்.