செஞ்சிக் கோட்டையும் சாஃப்ட்வேர் வேலையும்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "நான் ப்ரோக்ராம் எழுதுறவன் சார், கட்டுரை எழுதுறவன் இல்லை" என்றேன். "நம்ம ஊரைப் பத்தியும் உன் தொழிலைப் பத்தியும் எழுதுப்பா, போதும்" என்றார். ஊர் என்றால் கோட்டை. தொழில் என்றால் சாஃப்ட்வேர். இரண்டுக்கும் என்னடா சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். இருக்கிறது!

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2010ல் இங்கிருந்து வெளியே போன செட் நான். 2023ல் சென்னையில் ஒரு கம்பெனியில் 14 பேர் ஒரு குழுவாக வேலை பார்த்தோம். ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டுச் சொன்னார்கள்: இந்த வேலை இனி போலந்துக்குப் போகிறது. ஆறு வாரம் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு நாங்களே உட்கார்ந்து எல்லாம் சொல்லிக் கொடுத்தோம். ஏழாவது வாரம் எங்களுக்கு வேலை இல்லை. மனசு ரொம்பக் கசந்தது. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. இதே வேலையை நம் சீனியர் அண்ணன்கள் அமெரிக்கா போய், அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம் இதே மாதிரிதானே கற்றுக்கொண்டு வந்தார்கள்? அன்று அவர்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ!

வேலை தேடிய அந்த நாட்களில் ஊருக்கு வந்து ராஜகிரி ஏறினேன். அப்போதுதான் இந்தக் கோட்டையின் சரித்திரத்தை ஒழுங்காகப் படித்தேன்.

1690ம் வருஷம். சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் இருக்கிறார். சுல்பிகர் கான் தலைமையில் முகலாயப் படை வருகிறது. முற்றுகை 1698 வரை நீண்டது. அதே 1690ல்தான் கடலூர் பக்கம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த எல்லை வரை உள்ள கிராமங்களும் கம்பெனிக்கு! குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் அதற்கு இன்றும் சாட்சி. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை.

கம்பெனிக்கு இங்கே என்ன வேலை? துணி! சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் சாயம் போட்ட சீட்டித் துணியும் ஐரோப்பாவை மயக்கி வைத்திருந்த காலம். நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார்கள். லண்டனிலிருந்து சாம்பிள் வரும். அதைப் பார்த்து நெய்து கொடுக்க வேண்டும். நடுவில் துபாஷி. வாங்குகிறவர் யார், எதற்கு வாங்குகிறார் என்று நெய்தவருக்குத் தெரியாது. கப்பல் அவருடையது அல்ல, கடை அவருடையது அல்ல, துணியில் அவர் பெயரும் இல்லை.

பொறுப்பார்களா அந்த ஊர் நெசவாளிகள்? கூச்சல் போட்டார்கள். 1700ல் இந்தியச் சாயத் துணியை இங்கிலாந்தில் உடுத்துவதற்காக இறக்குமதி செய்யக்கூடாது என்று பார்லிமெண்ட் சட்டம் போட்டது. 1721ல் இன்னும் கடுமையான சட்டம். அடுத்து வந்தது இயந்திரம். 1764 வாக்கில் ஹார்கிரீவ்ஸின் நூற்பு இயந்திரம், 1769ல் ஆர்க்ரைட், 1779ல் கிராம்ப்டன், 1785ல் கார்ட்ரைட்டின் விசைத்தறி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் துணி நம் சந்தைக்கே வந்து இறங்கியது. நம் நெசவாளிக்குத் திறமையா குறைவு? இல்லவே இல்லை. சட்டமும் மாறியது, இயந்திரமும் வந்தது; இரண்டும் அவர் கையில் இல்லை.

இப்போது நம் தொழிலுக்கு வாருங்கள். 1968ல் பம்பாயில் டி.சி.எஸ். தொடங்கியது. 1978ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனதால் பல கம்பெனி மெஷின்களிலும் வேலை பழக வேண்டிய கட்டாயம் நம் ஆட்களுக்கு வந்தது. அதுவே பின்னால் வரமாயிற்று. 1985ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூர் வந்தது. 1991ல் சாஃப்ட்வேர் டெக்னாலஜி பார்க்குகள். பிறகு ஒய்-டூ-கே. வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்த பழைய ப்ரோக்ராம்களைத் திருத்த உலகத்துக்கு ஆள் போதவில்லை, நாம் போனோம். 2000 ஜூலையில் சென்னையில் டைடல் பார்க் திறந்தார்கள். அவர்கள் தூங்கும் நேரத்தில் நாம் வேலை முடித்துக் கொடுத்தோம், குறைந்த கூலிக்கு. அதைச் சொல்ல வெட்கம் எதற்கு? அதனால்தான் நம் வீடுகளில் அடுப்பு எரிந்தது.

அந்த நாளிலேயே அயர்லாந்தும் இஸ்ரேலும் போட்டிக்கு நின்றன. பிறகு பிலிப்பைன்ஸ், வியட்நாம், கிழக்கு ஐரோப்பா. சட்டமும் நம்மை விடவில்லை. அமெரிக்காவின் எச்-1பி விசா 1990ம் வருஷச் சட்டப்படி ஆண்டுக்கு 65,000. 2001ல் 1,95,000 வரை ஏறியது. 2004ல் மறுபடி 65,000. 2025 செப்டம்பரில் புது மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. இயந்திரமும் வந்தாயிற்று. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, புதிதாக வேலைக்குச் சேரும் பையன் ஒரு நாள் எழுதும் ப்ரோக்ராமை அது ஒரு நிமிஷத்தில் எழுதிப் போடுகிறது. சட்டம், இயந்திரம், இன்னும் குறைந்த கூலிக்காரன். பார்த்தீர்களா, கடலூர் நெசவாளி கதைதான் இது!

அப்படியானால் நமக்கும் அதே முடிவுதானா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்த நெசவாளிக்குக் கப்பல் வாங்க வழியில்லை. நமக்குக் கப்பல் தேவையில்லை, ஒரு கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் போதும். 1996ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009ல் ஜோஹோ என்று பெயர் மாறிய கம்பெனி, சொந்தச் சரக்கைச் சொந்தப் பெயரில் உலகத்துக்கு விற்கிறது. 2011ல் தென்காசிப் பக்கம் ஆபீஸும் போட்டது. 2010ல் சென்னையில் முளைத்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்கே போனது. யாரோ அனுப்பிய சாம்பிளைப் பார்த்து நெய்யாமல், வாங்குகிறவரின் கஷ்டம் என்ன என்று தெரிந்துகொண்டு நெய்தார்கள்.

எனக்கு அது லேட்டாகத்தான் புரிந்தது. 13 வருஷம் பேங்க் சாஃப்ட்வேர் எழுதினேன். ஒரு பேங்க் கடன் எப்படிக் கொடுக்கிறது என்று கேட்டால் முழித்திருப்பேன். இப்போது வேறு இடத்தில் வேலை. முதல் மாதமே வாடிக்கையாளரிடம் போய் உட்கார்ந்து, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தேன். சம்பளம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் பயம் குறைந்திருக்கிறது.

தம்பி தங்கைகளே, நம் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் காலேஜ் விட்டதும் அங்கே போங்கள். எடை எப்படிப் போடுகிறார்கள், விலை எப்படி வைக்கிறார்கள், விவசாயி எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பாருங்கள். அதில் ஒரு கஷ்டத்தைத் தீர்க்க ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதுங்கள். இயந்திரத்தின் உதவியோடேயே எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் அதில் உங்கள் பெயரைப் போடுங்கள்!

அடுத்த சந்திப்பில் அதை எனக்குக் காட்டுங்கள். டீ என் செலவு.