இன்சுலின்

இன்சுலின் (பெயர்ச்சொல்): கணையத்தில் சுரந்து, நாளம் எதுவுமின்றி நேரே குருதியில் கலக்கும் ஹார்மோன். தீவைக் குறிக்கும் 'இன்சுலா' என்ற லத்தீன் சொல் இதன் வேர்.

எந்தத் தீவு? 1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், கணையத்துக்குள் திட்டுத்திட்டாகத் தனித்து நின்ற அணுக்களைக் கண்டு எழுதினார். அவற்றின் வேலை என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. பின்னாளில் அவை லாங்கர்ஹான்ஸ் தீவுகள் ஆயின. வேடிக்கை என்னவென்றால், பொருள் கைக்கு வருமுன்பே பெயர் வந்துவிட்டது. தீவுகளிலிருந்து ஏதோ சுரக்க வேண்டும் என்ற ஊகத்திலேயே பெல்ஜியத்தின் ழான் தெ மேயர் 1909இல் பெயர் சூட்டினார். டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் அதைப் பிரித்தெடுத்தது 1921இல்தான். அவர்கள் முதலில் வைத்த 'ஐலெட்டின்' நிலைக்கவில்லை.

சாப்பிட்டபின் குருதியில் குளுக்கோஸ் ஏறினால், தீவுகளின் பீட்டா அணுக்கள் இன்சுலினை விடுகின்றன. தசையும் கொழுப்புத் திசுவும் சர்க்கரையை உள்ளிழுக்கும்; கல்லீரல் அதைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும். அளவு இறங்கினால் ஆல்பா அணுக்களின் குளுக்ககான் அந்தச் சேமிப்பை அவிழ்க்கும்.

'கணையநீர்' என்பதை இதோடு குழப்பக்கூடாது. அது செரிமானத்துக்காக நாளம் வழியே குடலுக்குப் போவது. இலங்கைப் பாடநூல்களில் கணையத்தின் பெயர் சதையி.