ஆடியவர் கண்ட முகமும் திரை காட்டிய முகமும்

ஒரு கலையிலே பிறந்த கதை வேறொரு கலைக்குள் புகும்போது வழக்கு எழுவது இயல்பு. நூல்களை முதனூல் என்றும் வழிநூல் என்றும் வகுத்து, பின்னது முன்னதனின்று எவ்வாறு வேறுபடலாம் என்று ஆராய்ந்த தமிழிலக்கண மரபினர்க்கு இவ்வழக்குப் புதிதன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வழக்கு அமெரிக்கத் திரையுலகில் ஒரு புதிய வடிவத்தில் நடந்து வருகின்றது. வீடியோ விளையாட்டுகளைத் திரைப்படமாக்கும்போது எந்தப் பாத்திரத்தை எந்த நடிகர் ஏற்பது என்பதே அது. பொழுதுபோக்கைப் பற்றிய சிறு பூசல் என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் ஒரு கற்பனை மாந்தர் யாருக்கு உரியவர், படைத்தவர்க்கா, பொருள் முடக்கியவர்க்கா, தம் மனத்திலே பல்லாண்டு வைத்து வளர்த்தவர்க்கா என்னும் பெரிய வினா இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

வாசகரும் ஆடுவோரும்

நடிகர் தேர்வைப் பற்றிப் பொதுமக்கள் வாதிடுதல் விளையாட்டுகளோடு தோன்றிய வழக்கமன்று. மார்கரெட் மிச்சல் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கான் வித் த விண்ட்’ என்னும் நாவல் படமாக்கப்பட்டபோது, அமெரிக்கத் தென்மாநிலத்துக் கதைத்தலைவியாக ஆங்கிலேய நடிகை விவியன் லீ நடிப்பதா என்னும் முணுமுணுப்பு எழுந்தது. 1939ஆம் ஆண்டில் படம் வெளிவந்ததும் அம்முணுமுணுப்பு அடங்கிற்று. அந்நடிப்புக்கே அவர் ஆஸ்கார் விருதும் பெற்றார்.

எனினும் நாவல் வாசகர்க்கும் விளையாட்டை ஆடுவோர்க்கும் ஒரு வேற்றுமை உண்டு. கதைத்தலைவன் பள்ளத்தைத் தாண்டினான் என்று வாசகர் படித்து அறிகின்றார். ஆடுவோரோ அவனைத் தாண்டச் செய்கின்றார். அவன் தவறி விழுந்தால் ‘நான் விழுந்துவிட்டேன்’ என்றே சொல்லுகின்றார். பத்து முறை விழுந்து பதினோராம் முறை தாண்டிய மகிழ்ச்சியும் அவருடையதே. எனவே, படநிறுவனத்தார் நடிகரைத் தேடப் புறப்படும் முன்பே அப்பாத்திரத்தில் ஒருவர் நடித்துக்கொண்டிருக்கின்றார், அவர் ஆடுவோரேயாவார். புதிய நடிகர் ஒருவரை அமர்த்தும் பொழுது அவ்விருக்கையினின்று பல இலட்சம் பேர் எழுப்பப்படுகின்றனர். அவர்கள் வருந்துவதற்கு இதுவே அடிப்படை.

இதற்குத் துணையாக நின்றது தொழில்நுட்பத்தின் வறுமை. ஜப்பானியராகிய ஷிகேரு மியமோட்டோ 1981ஆம் ஆண்டில் ‘டாங்கி காங்’ விளையாட்டுக்காக வரைந்த சிறு தொழிலாளியே பின்னாளில் மாரியோ என்று உலகப் புகழ் பெற்றவன். அன்றைய இயந்திரத்தில் அவனுருவை மிகச் சில வண்ணப் புள்ளிகளால் அமைக்க வேண்டியிருந்தது. வாயை வரைய இடமில்லாமையால் மீசை வைத்தார். தலைமயிரை வரைவது அரிதாகையால் தொப்பி அணிவித்தார். முகம் என்று சொல்லத்தக்கது அங்கே இல்லை. அக்குறையை ஆடுவோர் தத்தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டனர். ஓவியர் விட்ட வெற்றிடமே இரசிகரின் உரிமை நிலமாயிற்று.

முதற்படமும் முதல் ஏமாற்றமும்

வீடியோ விளையாட்டைத் தழுவி நடிகர்களைக் கொண்டு ஹாலிவுட்டார் எடுத்த முதற் பெரும்படம் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’. 1993ஆம் ஆண்டு மே மாதத்தில் அது வெளிவந்தது. மாரியோவாக ஆங்கில நடிகர் பாப் ஹாஸ்கின்சும், தம்பி லூயிஜியாக ஜான் லெகுசாமோவும், பகைவனாக டென்னிஸ் ஹாப்பரும் நடித்தனர். நடிகர்கள் எளியவரல்லர். ஆனால் விளையாட்டிலிருந்த வண்ணமயமான காளான் நாடு, படத்திலே இருண்ட நகரமாக மாறியிருந்தது. உடன்பிறந்தார் இருவரும் தமக்குரிய சிவப்பு, பச்சை உடைகளை அணிவதற்கே கதையின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் அமெரிக்க வெள்ளி செலவிட்ட அப்படம், அமெரிக்காவில் ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் வெள்ளியே ஈட்டிற்று. அப்படத்தில் நடித்தது குறித்துத் தாம் வருந்துவதை ஹாஸ்கின்சே பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார். அடுத்த மாரியோ படம் திரையரங்குக்கு வர 30 ஆண்டுகள் ஆயின.

1994ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த ‘ஸ்டிரீட் ஃபைட்டர்’ வேறொரு பிழையைச் செய்தது. விளையாட்டிலே முதன்மை பெற்றவன் ரியூ என்னும் ஜப்பானிய வீரன். படத்திலோ கைல் என்னும் அமெரிக்கப் படைத்தலைவனே நாயகன் ஆக்கப்பட்டான். அந்த அமெரிக்கனாக நடித்தவர் பெல்ஜிய நாட்டு நடிகராகிய ஜீன் கிளாட் வான் டாம். நாயகனை மாற்றியதும் பொருந்தவில்லை. மாற்றிய நாயகனின் பேச்சும் பொருந்தவில்லை. எனினும் வில்லன் பைசனாக நடித்த ராவுல் ஜூலியாவை இரசிகர் இன்றும் போற்றுகின்றனர். நோயுற்றிருந்த நிலையிலும் தம் பிள்ளைகள் விரும்பிய விளையாட்டு என்பதற்காக அவர் அவ்வேடத்தை ஏற்றார். படம் வெளிவரும் முன்னரே, அவ்வாண்டு அக்டோபரில், காலமானார். பைசனின் பருத்த உடல் அவருக்கு இல்லை. ஆனால் பைசனின் செருக்கு அவரிடம் முழுமையாக இருந்தது. உருவம் ஒன்று, பண்பு வேறொன்று என்பதை இவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே காட்டிய சான்று இது.

உருவ ஒற்றுமையை நாடிய காலம்

ஏமாற்றங்களால் பாடம் கற்ற படநிறுவனத்தார், அடுத்து உருவ ஒற்றுமையைத் தேடினர். இங்கிலாந்தின் டெர்பி நகரில் உருவாகி 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது ‘டூம் ரெய்டர்’ விளையாட்டு. அதன் தலைவி லாரா கிராப்ட் ஓர் ஆங்கிலச் சீமாட்டி. 2001ஆம் ஆண்டுப் படத்தில் அவ்வேடம் அமெரிக்கரான ஆஞ்செலினா ஜோலிக்குத் தரப்பட்டபோது, ஆங்கிலப் பெண்ணை அமெரிக்கர் நடிப்பதா என்னும் வினா எழுந்தது. அவர் ஆங்கிலேயர்போல் பேசப் பயின்று, கடும் உடற்பயிற்சியும் மேற்கொண்டு நடித்தார். கம்போடியாவின் அங்கோர்க் கோயில்களிடையே படமாக்கப்பட்ட காட்சிகளும் புகழ் பெற்றன. கதையைக் குறை கூறியவருள் பலர் நடிகையைக் குறை கூறவில்லை. ஆனால் அவ்வெற்றி ஒரு தீய அளவுகோலையும் விட்டுச் சென்றது. 2018ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு நடிகை அலிசியா விகாண்டர் அதே வேடத்தை ஏற்றபோது, அவர் நடிப்பை விட்டு உடலமைப்பை அளந்து பேசியோர் பலராயினர். அவர் பின்பற்றியதோ 2013ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்ட விளையாட்டின் லாராவை. மூலமே மாறியிருக்கவும், பழைய மூலத்தைக் கொண்டு புதிய நடிகையை அளந்தனர்.

ஒப்பீட்டினின்று தப்ப மற்றொரு வழியும் கையாளப்பட்டது. 2002ஆம் ஆண்டு ‘ரெசிடென்ட் ஈவில்’ படத்தில் மிலா ஜொவோவிச் ஏற்ற ஆலிஸ் என்னும் பாத்திரம் விளையாட்டிலே இல்லாதது. இல்லாத பாத்திரத்தை எதனோடு ஒப்பிடுவது? அவ்வரிசையில் ஆறு படங்கள் வெளிவந்தன. ஆயினும் தாம் அறிந்த மாந்தர் ஓரத்தில் நிற்க, அறியாத ஒருத்தி நடுவில் நிற்கின்றாளே என்னும் மனக்குறை விளையாட்டை நேசித்தவரிடம் இறுதிவரை நீங்கவில்லை.

ஆசிய மாந்தர்க்கு யார் முகம்?

இரசிகரின் குறை எப்போதும் அழகைப் பற்றியதாக இருந்ததில்லை. நீதியைப் பற்றியதாகவும் இருந்ததுண்டு. 2010ஆம் ஆண்டில் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ படத்தில் பாரசீக இளவரசனாக அமெரிக்கர் ஜேக் ஜிலன்ஹாலும், இளவரசியாக ஆங்கிலேயர் ஜெம்மா ஆர்டர்டனும் நடித்தனர். ஈரானிய வழியினர் எவரும் தலைமைப் பாத்திரங்களில் இல்லாமை கடிந்து பேசப்பட்டது. இதில் ஒரு நுட்பமும் உண்டு. 1989ஆம் ஆண்டில் அவ்விளையாட்டைப் படைத்த ஜோர்டன் மெக்னர், தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து, அதனைப் படம்பிடித்து, அவ்வசைவுகளையே இளவரசனுக்குத் தந்தார். ஆகவே விளையாட்டின் இளவரசனும் அசைவினால் ஓர் அமெரிக்க இளைஞனே. ஆனால் புள்ளிகளாலான உருவத்திற்கு நாடு இல்லை. நடிகரின் முகத்திற்கு உண்டு. விளையாட்டில் மறைந்திருந்த குறை, திரையில் வெளிப்பட்டது.

‘மார்ட்டல் காம்பாட்’ படங்களுள் இரண்டை ஒப்பு நோக்கினால் காலத்தின் மாற்றம் விளங்கும். 1995ஆம் ஆண்டுப் படத்தில் ஜப்பானியப் பெயர் தாங்கிய இடித்தேவன் ரைடனாக நடித்தவர் ஐரோப்பிய முகத்தினரான கிறிஸ்டபர் லாம்பர்ட். 2021ஆம் ஆண்டுப் படத்தில் அவ்வேடம் ஜப்பானிய நடிகர் தடனோபு அசானோவுக்குச் சென்றது. இந்தோனேசியாவின் ஜோ தஸ்லிம் சப்-சீரோவாகவும், சிங்கப்பூரரான சின் ஹான் மந்திரவாதி ஷாங் சுங்காகவும் அதில் நடித்தனர். தென்கிழக்காசிய நடிகர்கள் இத்தகைய படங்களில் முதன்மை பெற்றது குறிப்பிடத்தக்கது. எனினும் கோல் யங் என்னும் புதுப் பாத்திரத்தை நாயகனாகப் புகுத்தியது ஏன் என்னும் பழைய குறை அங்கும் எழுந்தது. 1995ஆம் ஆண்டுப் படத்திற்கு மற்றொரு பெருமையும் உண்டு. அதில் ஷாங் சுங்காக நடித்த கேரி ஹிரோயுக்கி தகாவாவை இரசிகர் பெரிதும் விரும்பியதால், 2019ஆம் ஆண்டில் வந்த விளையாட்டில் அவர் முகமும் குரலுமே அப்பாத்திரத்துக்குத் தரப்பட்டன. வழிநூல் முதனூலைத் திருத்திய விந்தை இது.

முன்னோட்டத்தால் மாறிய முகம்

இரசிகரின் சொல் படநிறுவனத்தை நேரே வளைத்த நிகழ்ச்சி 2019ஆம் ஆண்டில் நடந்தது. சேகா நிறுவனம் 1991ஆம் ஆண்டில் உலவவிட்ட நீலநிற முள்ளெலி சோனிக். அதன் படத்திற்குரிய முன்னோட்டம் ஏப்ரல் 30ஆம் நாள் வெளியிடப்பட்டது. சிறிய கண்களும் மனிதப் பற்களும் கொண்டு தோன்றிய சோனிக்கைக் கண்டு இரசிகர் கொதித்தெழுந்தனர். மே 2ஆம் நாளே இயக்குநர் ஜெஃப் ஃபௌலர் உருவத்தை மாற்றுவதாக அறிவித்தார். நவம்பரில் வரவேண்டிய படம் 2020ஆம் ஆண்டு பிப்ரவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. விளையாட்டின் சாயலுக்கு மீண்ட சோனிக் பெருவெற்றி பெற்றது.

இதனை இரசிகரின் வெற்றி என்று பலரும் கொண்டாடினர். கொண்டாட்டத்தில் மறக்கப்பட்டோர், ஒரு முழுப்படத்தின் உருவத்தையும் மீண்டும் செய்யக் கணினியின்முன் அமர்ந்த கலைஞர்களாவர். அப்படத்தில் உழைத்த மூவிங் பிக்சர் கம்பெனியின் வான்கூவர்க் கிளை, படம் வெளியாகும் முன்பே 2019 டிசம்பரில் மூடப்பட்டது. தொழிற்போட்டியே காரணம் என்று நிறுவனம் கூறிற்று. அவ்வகையில் மூடலுக்கும் உருவ மாற்றத்திற்கும் தொடர்பு கற்பித்தல் முறையன்று. ஆயினும் படத்தின் வெற்றி அறிவிக்கப்பட்ட நாளில், அதற்காக உழைத்தவர் பலர் அப்பணிமனையில் இல்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

குரலும் பண்பும்

இரசிகர் அஞ்சியது நிகழாமற் போனதும் உண்டு. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில், மாரியோவைச் சித்திரப் படமாக எடுப்பதில் கிறிஸ் பிராட் குரல் தருவார் என்று அறிவிக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டின் ‘சூப்பர் மாரியோ 64’ முதலாகச் சார்லஸ் மார்ட்டினேயின் குரலிலே மாரியோவைக் கேட்டுப் பழகியவர்கள் வெகுண்டனர். ஆனால் இம்முறை மியமோட்டோவே தயாரிப்பாளருள் ஒருவராக இருந்தார். மார்ட்டினேக்கும் படத்தில் சிறு வேடங்களின் குரல் தரப்பட்டது. மாரியோவின் தந்தையாகப் பேசியவர் அவரே. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த அப்படம் உலகெங்கும் 130 கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேல் ஈட்டிற்று. நாடு, நிறம், துள்ளல் ஆகிய அனைத்தும் விளையாட்டில் கண்டவாறே இருந்தமையால், குரல் மாறியதைப் பெரும்பாலோர் பொறுத்துக்கொண்டனர்.

அவ்வாண்டு ஜனவரியில் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடர் இன்னும் தெளிவான சான்று. 2013ஆம் ஆண்டு விளையாட்டின் சிறுமி எல்லியாகப் பெல்லா ராம்சி தேர்ந்தெடுக்கப்பட்டபோது, முகம் ஒக்கவில்லை என்று குறை கூறியோர் எண்ணிறந்தோர். தொடர் வெளிவந்தபின் எல்லியின் துடுக்கும் அச்சமும் துயரும் அவர் நடிப்பிலே உயிர் பெற்றமையைக் கண்டு பலர் மனம் மாறினர். அவர் எம்மி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். விளையாட்டில் எல்லிக்குக் குரலும் அசைவும் தந்த ஆஷ்லி ஜான்சன், தொடரில் எல்லியின் தாயாக நடித்தார். பழைய எல்லி புதிய எல்லியைப் பெற்றெடுப்பதாக அமைந்த அக்காட்சி, ஆடியவர் நெஞ்சுக்கு ஆறுதலாயிற்று.

உரிமையின் எல்லை

இவ்வரலாற்றை ஒருசேர நோக்கின் இரு செய்திகள் புலனாகின்றன. 1993ஆம் ஆண்டில் இரசிகர் பொருட்படுத்தப்படவேயில்லை; அப்புறக்கணிப்பு படத்தையே வீழ்த்திற்று. ஆடியவர் உள்ளத்தில் வாழும் பண்பையும், பாத்திரம் பிறந்த நாட்டையும் மதிக்குமாறு கேட்பது முறையான கோரிக்கை. இது முதற்செய்தி.

மற்றொன்று கசப்பானது. 2020ஆம் ஆண்டில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டின் இரண்டாம் பாகம் வெளிவந்தபோது, ஆப்பி என்னும் பாத்திரத்துக்குக் குரல் தந்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பாத்திரம் செய்த கொலைக்குக் குரல் தந்தவர் குற்றவாளியாக்கப்பட்டார். பின்னர் தொடரில் அதே வேடத்தை ஏற்ற கேட்லின் டெவருக்குப் படப்பிடிப்பிடத்தில் தனிக் காவல் வைக்க வேண்டியதாயிற்று. கூத்தில் அரக்கன் வேடமிட்டவனை விடிந்தபின் தெருவில் அடிப்பார் உண்டோ? கூத்து முடிந்ததும் வேடம் கலையும் என்பதை ஊரிலுள்ள சிறுவரும் அறிவர்.

ஆடுவோர் பாத்திரத்தோடு ஒன்றுவதனாலேயே அவர்தம் அன்பு ஆழமானது. பாத்திரத்தின் மீது அவர்க்கு உள்ள உரிமை மெய்யானதே. நடிகரின் உடல்மீதும் உயிர்மீதும் அவ்வுரிமை செல்லாது. பைசனாக நின்ற ராவுல் ஜூலியாவும், எல்லியாக நின்ற பெல்லா ராம்சியும், இரசிகர் கையிலிருந்த படத்தோடு முகத்தால் ஒத்தவர் அல்லர். முப்பதாண்டுப் பூசலுக்குப் பின் இரசிகர் நெஞ்சில் நிலைத்தவரோ அத்தகையவரே.