சாவி உள்ளே, பூட்டு வெளியே

பேக்கப் டேப் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த நிரல், எழ மறுக்கும் அதே சர்வரின் வட்டில் கிடக்கிறது. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியவர் நிலைதான். சிஸ்டம் அட்மின்களின் வரலாற்றில் பெரும் பகுதி, வெளியிலிருந்து திறக்க வழி தேடிய கதை.

1970-களின் பிடிபி-11 கணினிகளில் அந்த வழி விரல்நுனியில் இருந்தது. முகப்புப் பலகையின் சுவிட்சுகளைத் தட்டித் தட்டி, சில ஆணைகளை நினைவகத்தில் ஏற்றுவார்கள். அந்தக் குட்டி நிரல் டேப்பிலிருந்து பெரிய நிரலைக் கொண்டுவரும். 1977-இல் டெக் நிறுவனம் அறிமுகப்படுத்திய வாக்ஸ்-11/780 இன்னும் ஒரு படி மேலே போனது. பெரிய கணினியை எழுப்புவதற்கென்றே எல்எஸ்ஐ-11 என்ற சின்னக் கணினியும் அதற்கொரு ஃபிளாப்பியும் கூடவே வந்தன. வாக்ஸின் விஎம்எஸ் இயங்குதளத்தில் 'ஸ்டாண்ட்அலோன் பேக்கப்' என்றொரு கருவியும் உண்டு. வட்டில் இயங்குதளம் இல்லாவிட்டாலும் அது தனியாக எழுந்து, டேப்பில் உள்ளதை வட்டில் இறக்கிவிடும்.

எல்லா நேரமும் இப்படிக் கருவி தயாராக இருந்ததில்லை. 1986-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்ததை அங்கிருந்த மரியோ வோல்ச்கோ எழுதிவைத்திருக்கிறார். யூனிக்ஸ் ஓடிய ஒரு வாக்ஸில், தவறான இடத்தில் தட்டிய அழிப்புக் கட்டளை அடிப்படை அடைவுகளையே விழுங்கிவிட்டது. கோப்புகளை நகலெடுக்கும் கட்டளைகள், டேப்பைச் சுட்டும் சாதனக் கோப்புகள், அமைப்புக் கோப்புகள் எல்லாம் போயின. கணினி மட்டும் நினைவகத்தின் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மறுபடி எழாது. நல்லவேளையாக ஒரு திரையில் ஈமாக்ஸ் என்ற எடிட்டர் திறந்திருந்தது. சக ஊழியர் ஒருவர் அசெம்பிளியில் மிகச் சிறிய நிரல் எழுத, அதன் பைட்டுகளை ஈமாக்ஸில் ஒவ்வொன்றாகத் தட்டினார்கள். அந்த நிரல் செய்த வேலை ஒன்றே ஒன்று: தற்காலிகக் கோப்புகளுக்கான அடைவை, அழிந்துபோன அமைப்பு அடைவின் பெயருக்கு மாற்றியது. அமைப்புக் கோப்புகளை வைக்க இடம் கிடைத்தது; அதுவே போதுமானதாக இருந்தது. பக்கத்து வாக்ஸிலிருந்து வலையமைப்பு வழியாக வேண்டியவற்றை இழுத்து, டேப்பை ஓடவைத்து, மற்றதை மீட்டார்கள்.

அடுத்து வந்தவர்கள் இந்தச் சாமர்த்தியத்தைக் கருவியாக்கினார்கள். 1990-களின் நடுவில் நியூசிலாந்தில் பிறந்த கோஸ்ட் மென்பொருள், முழு வட்டையும் ஒரே பிம்பமாகப் பிடித்தது. 2000-இல் ஜெர்மனியின் கிளாஸ் க்னாப்பர் வெளியிட்ட க்னாப்பிக்ஸ், வட்டைத் தொடாமலே சிடியிலிருந்து லினக்ஸை எழுப்பியது. 2006-இல் தொடங்கிய 'ரிலாக்ஸ் அண்ட் ரெக்கவர்' திட்டமோ, சர்வர் நன்றாக ஓடும்போதே அதன் வட்டுப் பிரிவுகளையும் டிரைவர்களையும் குறித்துக்கொண்டு மீட்பு வட்டு ஒன்றைத் தயாரித்து வைக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் 2017 ஜூன் 27 வந்தது. அன்று நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியதில் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் விண்டோஸ் கணினிகள் எழவே முடியாமல் போயின. கணினியை எழுப்பும் வட்டின் தொடக்கப் பதிவையே அது மேலெழுதிவிட்டது. தனித்தனி சர்வர்களுக்குப் பேக்கப் இருந்தது. யார் உள்ளே நுழையலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர்களுக்கு இல்லை. சுமார் 150 கன்ட்ரோலர்கள் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டிருந்ததால் அதுவே பேக்கப் என்று நம்பியிருந்தார்கள். எல்லாம் ஒருசேர விழும் என்று யாரும் எண்ணவில்லை.

தப்பியது ஒன்றே ஒன்று. கானாவில் மின்வெட்டால் அணைந்திருந்த கன்ட்ரோலரை வைரஸ் எட்டவில்லை. அங்கிருந்த இணைய வேகத்தில் தரவை அனுப்பினால் நாள்கணக்காகும். கானா ஊழியர்களுக்கோ பிரிட்டன் விசா இல்லை. ஒருவர் நைஜீரியா வரை பறந்து ஹார்ட் டிஸ்க்கை இன்னொருவர் கையில் கொடுக்க, அது இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் சேர்ந்தது. 10 நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவியதாக நிறுவனத்தின் தலைவர் பின்னர் சொன்னார்.

2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தபோது பேக்கப்புக்கே வேலை இல்லை. ஒரு கோப்பை அழித்தால் போதும். அதற்கும் பல இடங்களில் ஆட்கள் கணினி கணினியாகப் போய், சேஃப் மோடில் எழுப்பி, வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தட்டவேண்டியிருந்தது. சர்வர் பொறுப்பில் இருப்பவர்கள் மீட்பு யுஎஸ்பியை இந்த வாரமே ஒரு பழைய கணினியில் செருகி, எழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்த 48 இலக்கங்களை அதே சர்வரில் மட்டும் சேமித்து வைக்காதீர்கள்.