சர்ப்பகந்தா வேர்

என் வயதொத்தவர்களுக்கு அடல்பேன் மாத்திரை நினைவிருக்கும். ரத்தக் கொதிப்பு என்று போனால் அந்தக் காலத்து டாக்டர்கள் பலரும் எழுதிக் கொடுத்தது. அதிலிருந்த ரெசர்பின் என்ற மருந்து நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்தது என்பது ஓய்வு பெற்ற பிறகு படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்த வேர் அது. 1931இல் டெல்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி அதிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். 1949இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், ரத்தக் கொதிப்புக்கு இந்த வேர் கேட்கிறது என்று இங்கிலாந்தின் இதய மருத்துவ இதழில் எழுதினார். அதன்பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி ரெசர்பினைப் பிரித்தெடுத்தது.

வினை அங்கே ஆரம்பித்தது. துளசியில் இலை பறித்தால் மறுபடி துளிர்க்கும். இதில் வேர்தான் மருந்து. தோண்டினால் செடியே போச்சு. அதுவும் சின்னச் செடி. வேர் பருக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும், விதையும் சரியாக முளைக்காது. காட்டில் தோண்டித் தோண்டிக் கப்பலேற்றினார்கள். 1969இல் அரசு வேர் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 1990இல் சர்வதேச வனவுயிர் வர்த்தக ஒப்பந்தத்தின் பட்டியலிலும் இந்தச் செடி ஏறியது.

மனச்சோர்வு தரும் என்று ரெசர்பினை டாக்டர்கள் இப்போது அநேகமாக ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் ஆயுர்வேத மருந்துகளுக்கு வேர் இன்னும் வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் பயிரிடுகிறவர்களும் இருக்கிறார்கள். காட்டில் சும்மா தோண்டி வருகிற வேரோடு போட்டி போட்டு அவர்களுக்கு விலை எப்படிக் கட்டும்?